ஒரு காயமும் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கடுகண்ணாவைக்காரர்கள். வேன் பிடித்து வந்தார்கள். வழியில் இரண்டு சோதனைச்சாவடி. இரண்டிலும் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பட்டுச்சேலைக்காரிகளின் கைப்பைகளைக் கிளறி, பலகாரத் தட்டை மூடியிருந்த துணியையும் தூக்கிப் பார்த்துத்தான் விட்டார்களாம். பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பக்கத்து வீடு என்றால் வெகு பக்கம். கட்டுகஸ்தோட்டையில் என் படுக்கையறைக்கும் அவர்கள் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். வீட்டுக்காரர் மாணிக்கம் பலகை அறுக்கிற மரக்காலையில் வேலை செய்கிறார். மனைவி செல்வராணி. மூத்த மகள் சுகந்திக்குப் பத்தொன்பது வயது, பல்லேகலவில் ஒரு கார்மண்ட்ஸில் தைக்கிறாள். இளையவள் வனிதா என் பள்ளிக்கூடத்தில், என் வகுப்பில்தான். நான் கணக்கு டீச்சர் என்பது அவளுடைய துரதிர்ஷ்டம்.

பெண் பார்க்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை? ஒரு டீச்சர் கூட இருந்தால் கௌரவம் என்பது செல்வராணியின் எண்ணம். அதிலும் மூக்குக் கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துக்காரி, பத்திரிகையில் வேறு எழுதுகிறவள்... ஆகவே வீட்டில் ஆடாத ஒரே கதிரையை எனக்குத் தந்திருந்தார்கள்.

சுகந்தி தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அம்மா சுவரைச் சுற்றிப் பார்த்தார். அலுமாரிக்கு மேலே மாலை போட்ட ஒரு படம். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு பையன். யார் என்று கேட்டார். தன்னுடைய தம்பி சந்திரன், எண்பத்து மூன்று கலவரத்தில் போனவன் என்றாள் செல்வராணி.

“வெட்டுனாங்களா, எரிச்சாங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். இந்த நாட்டில் நாமெல்லாரும் இப்போது இப்படித்தான் துக்கம் விசாரிக்கிறோம். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிற அதே குரலில், வெட்டா, துப்பாக்கிச் சூடா, ஷெல்லா என்று கேட்கப் பழகிவிட்டோம்.

“ஒரு காயமும் இல்லீங்க,” என்றாள் செல்வராணி. “மூஞ்சி தூங்குற மாதிரியே இருந்துச்சு. பயத்துலயே போயிட்டான்.”

அவள் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அந்த வருடத்தில் ஒரு உடல் முழுசாக வீடு வந்து சேர்வது எல்லோருக்கும் கிடைத்த பாக்கியமா என்ன?

என் கையில் இருந்த கோப்பை சரிந்து, தேத்தண்ணி சேலையெல்லாம் கொட்டியது. டீச்சருக்கு இளகிய மனது என்று நினைத்திருப்பார்கள். இளகவுமில்லை, ஒன்றுமில்லை. எனக்கு வந்தது கோபம். முதலில் என்மேல்... பிறகு வரிசையாக எல்லோர்மேலும்.

ஏன் என்று சொல்ல ஐந்து வாரம் பின்னால் போக வேண்டும்.

சுகந்தியின் தொழிற்சாலையில் அவள் தைக்கிற வரிசைக்கு நேர் மேலே சுவரில் ஒரு மின்சார மணி இருக்கிறது. தேநீர் இடைவேளை முடிந்தால் அது அலறும். இரண்டு வருடத்தில் மூன்று தடவை இந்தப் பெண் மெஷின் முன்னால் இருந்து சாய்ந்து விழுந்திருக்கிறாள். முதல் இரண்டு தடவையும் சுப்பர்வைசர் வலிப்பு என்று தீர்ப்புச் சொல்லி, சாவிக் கொத்தைக் கையில் திணித்து, முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி, மிச்ச நேரத்துக்குத் தைக்க வைத்தார். ஒரு டிஸ்பென்சரியில் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். அதை இரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை விழுந்தபோதுதான் அங்கே புதிதாக வந்திருந்த நேர்ஸ் அவள் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். துடிப்பு அகப்படவில்லை. சில விநாடிகள்தான், பிறகு வந்துவிட்டது. ஆனால் அந்த நேர்ஸ் பயந்துபோய், இது வலிப்பு இல்லை, இதயத்தைக் காட்டுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் இதயக் கிளினிக். துணைக்கு நானும் போனேன். செல்வராணி சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசி விற்பவனை அழவைக்கக் கூடியவள். ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அவள் வாய் பூட்டிக்கொள்ளும். டீச்சர் இங்கிலிஷில் பேசினால் மரியாதையாகப் பார்ப்பார்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்மணி. அவசரப்படாதவர். ஈ.சி.ஜி. தாளை மேசையில் விரித்துவைத்து, இரண்டு கூர்முனை உள்ள ஒரு கருவியால் அலைகளுக்கு நடுவே அளந்தார். என் ஜியோமெட்ரிப் பெட்டியில் இருக்கிற கவராயத்தின் தங்கச்சி அது. எனக்குப் பார்க்கவே பிடித்திருந்தது.

விஷயத்தை என்னிடம் எளிதாகச் சொன்னார். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராக ஒரு சின்ன நேரம் எடுக்குமாம். சிலருக்குப் பிறப்பிலேயே அந்த நேரம் கொஞ்சம் நீளம். பார்க்க வாட்டசாட்டமாக இருப்பார்கள், ஓடுவார்கள், ஆடுவார்கள். ஆனால் தயாராகாத அந்தக் கணத்தில் ஏதாவது ஒன்று திடுக்கிட வைத்தால் இதயம் தாளம் தப்பி வெறுமனே நடுங்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சில நேரம் ஆகாது. இது குடும்பத்தில் இறங்கி வருகிற சமாச்சாரம்.

சுகந்தியின் அளவு எல்லைக்கோட்டில் நின்றது. இந்தப் பக்கம் என்றும் சொல்லலாம், அந்தப் பக்கம் என்றும் சொல்லலாம். இந்த மாதிரி ஆட்களில் யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்பதை இந்தத் தாள் மட்டும் சொல்லாது என்றார். அளவு எவ்வளவு, மயங்கியிருக்கிறாளா, எந்த நேரத்தில் மயங்கினாள், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா... எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

எனக்கு இது தெரிந்த பாடம். நிகழ்தகவு. வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். தரவு சரியாக இருந்தால்தான் விடை சரியாக வரும் என்று பிள்ளைகளின் தலையில் குட்டாத குறையாகச் சொல்கிறேன்.

டொக்டர் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். குடும்பத்தில் யாராவது மயங்கி விழுகிறவர்கள்? இல்லீங்க. நாற்பது வயதுக்கு முன்னால் திடீரென்று இறந்தவர்கள்? இல்லீங்க. தண்ணீரில் மூழ்கி, நித்திரையில்...? கேள்வியை நான் முடிக்க முதலே செல்வராணி இல்லீங்க என்றாள். ஒவ்வொன்றையும் நான் நல்ல உச்சரிப்போடு இங்கிலிஷில் இல்லை ஆக்கினேன்.

நடுவில் சுகந்தி மெல்லிய குரலில், மணி அடிச்சாத்தான் டீச்சர் வருது என்றாள். செல்வராணி அவள் கையை அழுத்தினாள். மணிச் சத்தத்துக்கு விழுகிறாள் என்று சொன்னால் பேய்க்கதை போலத் தெரியும் என்ற பயம் அவளுக்கு. எனக்கும் அது வேண்டாத விபரமாகப் பட்டது. வகுப்பில் பிள்ளைகள் கணக்குக்குத் தேவையில்லாததைச் சொன்னால் கையமர்த்துகிற பழக்கம் எனக்கு. அந்த வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவே இல்லை. மணியடிக்கும்போது வருகிறது என்று இங்கிலிஷில் சொல்ல எத்தனை சொல் வேண்டும்? மூன்று, நான்கு? அதைச் சொல்லவில்லை நான்.

ஒருவருமே இல்லையா என்று டொக்டர் இன்னொரு தரம் கேட்டார். ஒருவருமே இல்லை என்றேன்.

அப்படியானால் வலிப்பாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம், இப்போதைக்கு அந்த மாத்திரையையே போடட்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்று திகதி எழுதிக் கொடுத்தார். அவர் மேல் என்ன குற்றம்? நாங்கள் கொடுத்த கணக்குக்கு அவர் சரியான விடைதான் சொன்னார்.

செல்வராணி ஏன் அப்படி இல்லை இல்லை என்று அடித்துச் சொன்னாள்?

யோசித்துப் பாருங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது... என்று தொடங்குகிற கேள்விகளை நம்மிடம் யார் யார் கேட்டிருக்கிறார்கள்? சாவடியில் துப்பாக்கியோடு நிற்பவன் கேட்கிறான்: உங்கள் குடும்பத்தில் யாராவது இயக்கத்தில்? இல்லை. பொலிசில் பதியப் போனால் கேட்கிறார்கள்: வடக்கில் இருந்து யாராவது வந்து தங்கியிருக்கிறார்களா? இல்லை. தரகர் வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்கிறார்: குடும்பத்தில் யாருக்காவது சயரோகம், புத்திமாறாட்டம், இழுப்பு? இல்லை, இல்லை, இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதிலைத்தான் உயிரோடு இருப்பதற்காகவும் பிள்ளைகளைக் கரைசேர்ப்பதற்காகவும் பழகி வைத்திருக்கிறோம். வெள்ளைக் கோட்டுக்காரி கேட்டாலும் அதே பதில் வாயில் இருந்து குதித்துவிடுகிறது.

சரி, அது அவளுடைய இல்லை. என்னுடையது?

ஒன்பது வருடமாக நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். சந்திரனின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எத்தனையோ தேத்தண்ணி குடித்திருக்கிறேன். இளவயதில் திடீரென்று இறந்தவர் உண்டா என்று என் வாயால்தான் கேட்டேன். ஒரு கணமாவது அந்தப் படம் என் கண்ணுக்கு முன்னால் வந்ததா? வரவில்லை. ஏன்? கலவரத்தில் செத்தவன் நோயாளிகளின் வரிசையில் வரமாட்டான். அவனுக்கு வேறு வரிசை. அந்த வருடத்தில் செத்தவர்கள் எல்லோருக்கும் நாம் ஒரே காரணத்தை எழுதி, மாலையைப் போட்டு, சுவரில் மாட்டிவிட்டோம். அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சேலையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன், காயமே இல்லாமல் எப்படி என்று. மாப்பிள்ளை வீட்டாரும் ஆவலாகத் திரும்பினார்கள். செல்வராணி சொன்னாள். சந்திரன் கண்டி டவுனில் ஒரு புடைவைக்கடையில் வேலை பார்த்தவன். கும்பல் தெருவில் வருகிறது என்றதும் முதலாளி தகரக் கதவை இழுத்துப் பூட்டி, வேலையாட்களைப் பின்னால் துணிக்கட்டு வைக்கும் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். வெளியே இருந்து ஒருவன் கதவில் பொல்லால் ஒரு போடு போட்டான். அந்த ஒரு சத்தத்துக்கு, கையில் துணிக்கட்டோடு நின்ற சந்திரன் அப்படியே கீழே விழுந்தான். வாய்விட்டுக் கத்தக்கூட இல்லை. கும்பல் கதவை உடைக்கவும் இல்லை. பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது.

நான் வெறும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். போகும்போது செல்வராணிக்குக் கண்ணைக் காட்டினேன். வந்தாள். இதை ஏன் டொக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அதுக்கும் இதுக்கும் என்னாங்க டீச்சர் சம்மந்தம்? அவன் கலவரத்துல செத்தவன். பயத்துல செத்தான்.”

“அந்த அறைக்குள்ளை எத்தினை பேர் நிண்டவை?” என்று கேட்டேன்.

“பதினோரு பேருன்னு சொன்னாங்க.”

“பதினொரு பேரும் பயந்துதானே நிண்டிருப்பினம், செல்வராணி. பத்துப் பேர் உயிரோடை வெளியிலை வந்திருக்கினம். இவன் மட்டும் ஏன் வரேல்லை?”

அவள் போய்த் தேங்காய் துருவும் திருவலையில் உட்கார்ந்தாள். நான் விடவில்லை. குடும்பத்தில் வேறு யார் இப்படி விழுந்தது என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டேன்.

அக்கா என்றாள்.

அக்கா புஷ்பம். கலவரம் நடந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, பிள்ளை பெற்ற மூன்றாம் வாரம், தோட்டத்து லயத்து வீட்டில் விடிகாலையில் பிள்ளை அழுத சத்தம் கேட்டு எழுந்தவள் இரண்டடி வைத்து விழுந்துவிட்டாள். சன்னி என்று சிலர் சொன்னார்கள். புருஷன்தான் ஏதோ கொடுத்துவிட்டான் என்று வேறு சிலர் சொன்னார்கள். அந்த மனிதனை லயத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். அவன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டே போய்விட்டான். ஒரு பாவமும் அறியாத ஒருவனை அடித்துத் துரத்திவிட்டு, பிறகு இத்தனை வருடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கிறது ஒரு குடும்பம்.

தம்பியை அவள் மறைக்கவில்லை. அது நோய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, எனக்கும்தான். ஆனால் அக்காவைத் தெரிந்தே மறைத்தாள். பிள்ளைப்பேற்றில் செத்த ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் சுகந்தியை யார் கட்டுவார்கள்?

“கல்யாணம் முடியட்டும் டீச்சர்,” என்று என் கையைப் பிடித்தாள். “தாலி ஏறுன பெறகு நானே கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் சொல்றேன். நீங்க எழுதுறவங்க... வெளிய விட்டுறாதீங்க.”

கல்யாணம் முடிந்தபிறகாம். கல்யாணம் முடிந்தால் அடுத்து என்ன வரும்? புஷ்பம் எப்போது விழுந்தாள் என்று இப்போதுதானே தன் வாயால் சொன்னாள்? நான் சத்தம் போட்டேன். என் வாயைப் பற்றி இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பெண்ணையே பறிகொடுக்கப் போகிறாயா என்று கேட்டேன். மூன்று தலைமுறைக்குச் சாதி கேட்கிறோம், ஊர் கேட்கிறோம், பிறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் கேட்கிறோம். சொந்த அக்கா எப்படிச் செத்தாள் என்று மட்டும் கேட்கமாட்டோம், கேட்டாலும் சொல்லமாட்டோம். இது என்ன குடும்பப் பாசம்?

திரும்பினால் வாசலில் சுகந்தி. பட்டுச்சேலை, தலைநிறையப் பூ, கையில் வெற்றுத் தட்டு. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

“மாமா விழுந்தப்பவும் சத்தம் கேட்டுச்சாம்மா?” என்று கேட்டாள்.

தகரத்தில் அடித்தார்களே என்றாள் செல்வராணி.

“நானும் மணி அடிக்கிறப்பதாம்மா விழுறேன். எத்தன தடவ சொன்னேன் ஒங்ககிட்ட. டீச்சர்கிட்டயும் சொன்னேன்.”

என்னை அவள் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குச் சுட்டது. நான்கு சொல்லை மிச்சம்பிடித்த கணக்கு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பிறகு அவள் செய்ததை அந்த வீட்டில் எவரும் எதிர்பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, நேரே கூடத்துக்குப் போனாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் நின்று, தனக்கு ஒரு நோய் இருக்கிறது, இதய வருத்தம் போல, டொக்டரிடம் இன்னும் எல்லாம் சொல்லி முடியவில்லை, போய்க் கேட்டு வந்து சொல்கிறோம், அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

மாணிக்கம் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைப் பையன் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தான். முதலில் பார்த்ததைவிட நன்றாகத்தான் பார்த்தான் என்று எனக்குப் பட்டது. அவன் அம்மா குடித்து முடியாத கோப்பையைக் கீழே வைத்தார். சாவடியில் பிந்திவிடும் என்று அரை மணித்தியாலத்தில் எழும்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தரகர் வந்தார். ஜாதகத்தை இன்னொரு சாத்திரியிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று போன மாதம் இதே கதிரையில் இருந்து விரல்விட்டு எண்ணியவர் இவர்தான். நட்சத்திரங்கள் ஒரே வாரத்தில் இடம்மாறி உட்கார்ந்துவிட்டன போலும். நோய் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூட அந்த அம்மாவை மதித்திருப்பேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். எல்லோரும் பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். பாலத்தடியில் இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். வரிசையைப் பிரிக்க ஒரு சிப்பாய் விசிலை வாயில் வைத்ததும் செல்வராணி பாய்ந்துபோய் இரண்டு கையாலும் மகளின் காதைப் பொத்தினாள். அவன் திகைத்துப் போனான். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திகதிக்கு முன்னால் வந்து நின்ற எங்களைப் பார்த்து டொக்டர் ஏன் என்று கேட்டார். அன்று பிழையான விபரம் சொல்லிவிட்டோம், மொழிபெயர்த்தவள் நான், பிழையில் பாதி என்னுடையது என்றேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சந்திரனின் சதுரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. புஷ்பத்தின் வட்டத்துக்குக் குறுக்கே இன்னொரு கோடு. சுகந்தி தன் மணியைப் பற்றித் தானே சிங்களத்தில் சொன்னாள். என் உதவி அவளுக்குத் தேவைப்படவில்லை.

எல்லைக்கோட்டில் நின்ற கணக்கு பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. வலிப்பு இல்லை. ஆபத்துக் குறைவும் இல்லை. அன்றே புது மாத்திரை தொடங்கினார். ஒரு நாளும் தவறக்கூடாது. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும். வேறு எந்தக் காய்ச்சலுக்கும் யாரும் மருந்து எழுதினால், முதலில் தன்னிடம் காட்ட வேண்டும். கலியாணம் கட்டலாமா என்று செல்வராணி கேட்டாள். தாராளமாகக் கட்டலாம், பிள்ளையும் பெறலாம், ஆனால் கிளினிக்குக்குத் தெரியாமல் அல்ல என்றார் டொக்டர். பிள்ளை பிறந்த பிறகு வருகிற மாதங்களில்தான் அதிகக் கவனம் வேண்டுமாம். புஷ்பத்துக்கு அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

புஷ்பத்தின் குழந்தை எங்கே என்று டொக்டர் கேட்டார். மாணிக்கம் தேடுகிறேன் என்றார். அடித்துத் துரத்திய வீட்டுக்காரர்கள் இனிப் போய் அந்த மனிதனின் வாசலில் நிற்க வேண்டும். நிற்கட்டும்.

பிறகு, இரத்த உறவு எல்லோரும் கட்டிலில் ஏற வேண்டும் என்றார். வனிதாவின் அளவு சரியாக இருந்தது. வருடா வருடம் பார்க்க வேண்டும். அடுத்தது நீங்கள் என்று செல்வராணியைக் காட்டினார். எனக்கு ஒன்றுமில்லீங்க என்றாள். அதே பதில். இந்தத் தடவை நான் அதை மொழிபெயர்க்கவில்லை. கையைப் பிடித்துக் கட்டிலில் ஏற்றினேன்.

தாள் வந்தது. டொக்டர் அந்தக் கவராயத்தால் அளந்தார். மறுபடியும் அளந்தார். அம்மாவின் அளவு மகளின் அளவைவிட நீளம்.

விழுந்திருக்கிறீர்களா என்று கேட்டார். செல்வராணி அழத் தொடங்கினாள். சின்ன வயதில் மூன்று நான்கு தடவையாம். தோட்டத்தில் காலையில் சங்கு ஊதும்போது. பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்களாம். ஒருவருமே இல்லை, ஒருவருமே இல்லை என்று ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே அறையில் சொன்னவள், அந்த ஒருவர் தானே என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். இரண்டு தடவை பிள்ளை பெற்று உயிரோடு எழும்பியிருக்கிறாள். அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதற்கு என் பாடப்புத்தகத்தில் வேறு சொல் இல்லை.

கடைசியில் டொக்டர் படிவம் நிரப்பினார். இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் வயது, நேரம், எது தூண்டியது. சந்திரனின் முறை வந்தது. என்ன சத்தம் என்று கேட்டார். ஆட்கள் பொல்லுகளோடு வந்து கடையின் தகரக் கதவை அடித்த சத்தம் என்று இங்கிலிஷில் சொன்னேன். எந்த வருடம் என்றும் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை.

அவர் பேனா நின்றது. அந்த வருடம் அவரும் இதே ஊரில் மாணவியாக இருந்திருக்கக் கூடும். பிறகு, திடீர்ச் சத்தம் என்று மட்டும் எழுதினார். அவரைக் குறை சொல்லவில்லை. படிவத்தில் அவ்வளவு இடம்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, அவனைக் கலவரம் கொல்லவில்லை, வருத்தம்தான் கொன்றது என்று யாராவது கடிதம் எழுதக்கூடும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்தக் கதவில் பொல்லால் போட்டவனுக்கு இது விடுதலைப் பத்திரம் அல்ல. சந்திரனின் இதயம் பதினெட்டு வருடம் அவனைச் சுமந்தது. புடைவைக்கடையில் நிம்மதியாகத் துணி கிழிக்க விட்டிருந்தால் இன்னும் எத்தனை வருடம் சுமந்திருக்குமோ, எவருக்குத் தெரியும்? அவன் உடம்பில் ஒரு பலவீனம் இருந்தது. அதைத் தேடி வந்து அடித்தது வேறொருவன் கை. படிவத்தில் இரண்டையும் எழுத இடம் இருக்க வேண்டும்.

ஆனால் நாமும் ஒரு குற்றம் செய்தோம். கலவரம் என்ற ஒரு சொல்லால் அவனை மூடி வைத்தோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த இதயத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு வருடம் கழித்துப் புஷ்பம் தப்பியிருப்பாளோ என்னவோ. அந்த வருடங்கள் செத்தவர்களை மட்டுமா எடுத்துக்கொண்டு போயின? அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்ற விபரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. உயிரோடு இருக்கிறவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த விபரம்தான்.

வியாழக்கிழமை சுகந்தி டொக்டரின் கடிதத்தோடு வேலைக்குப் போனாள். மணிக்குத் தூரமாக வேறு வரிசையில் இடம் கேட்டிருக்கிறாள். முகாமையாளர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, ஒருத்திக்காக வரிசை மாற்ற முடியாது என்றாராம். பிறகு என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? அவளுக்குப் பக்கத்து மெஷின் சிங்களப் பெண், சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஸ்டூலில் ஏறி, வெட்டி எறிந்த துண்டுத் துணியை அந்த மணிக்குள் அடைத்துவிட்டாள். இப்போது அது தொண்டை கட்டியவன் போலக் கரகரக்கிறதாம். எல்லோரும் நேரத்துக்குத்தான் வேலைக்குத் திரும்புகிறார்கள். முகாமையாளருக்கு இன்னும் வித்தியாசம் தெரியவில்லை.

பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னது சுகந்தி. அவள் அம்மா வேண்டாம் என்றாள், பிறகு சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் நான் எழும்பியது சுவருக்கு அந்தப் பக்கம் அடித்த எலார்ம் மணிக்கு. அந்த மணிக்கூட்டை மாணிக்கம் மரக்காலைக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போது அவர் தானாக எழும்பி, சத்தமில்லாமல் செல்வராணியின் காலைத் தொட்டு எழுப்புகிறார். செல்வராணி மகள்களின் காலைத் தொட்டு எழுப்புகிறாள்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட ஒரு படம் இருக்கும். எந்த வருடம் செத்தார் என்று எல்லோருக்கும் தெரியும்... எப்படி விழுந்தார் என்று இன்றைக்கே கேளுங்கள்.